கெட்டிமேளமும் ஆமெனும்: யூத வழிபாட்டை முன்நின்று நடத்துபவர் என்ன செய்கிறார்?

கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் பரதேசி சினகாகை, அதாவது யூத வழிபாட்டுக் கூடத்தைப் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். 1568-இல் கட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் காலடியில் நீலமும் வெள்ளையுமாகச் சீன ஓடுகள், தலைக்கு மேல் கண்ணாடிச் சரவிளக்குகள், கூடத்தின் நடுவே பித்தளைக் கம்பி போட்ட ஒரு மேடை. நான் போன அன்று அந்த மேடையருகே ஒரு குடும்பம் நின்றிருந்தது. "இங்கதான் பூசாரி நின்னு மந்திரம் சொல்லுவார்" என்றார் அப்பா. "இல்லப்பா, பாட்டா பாடுவாங்க. யூடியூப்ல கேட்டிருக்கேன், கச்சேரி மாதிரி இருக்கும்" என்றாள் மகள்.

அப்பா சொன்னது தப்பு. மகள் சொன்னது பாதி தப்பு. அங்கே பூசாரி கிடையாது. பாட்டு உண்டு, ஆனால் அது கச்சேரி இல்லை. இந்த இரண்டையும் தமிழில் எழுதுகிறவர்களே கூடக் குழப்புகிறார்கள். "யூத மத குரு ராகத்தோடு ஓதினார்" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறுகளையும் அடக்கிய செய்தியைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு எச்சரிக்கை. யூதர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வழிபடுவதில்லை. இங்கே நான் பெரும்பாலும் பேசுவது அஷ்கெனாசி மரபைப் பற்றி. ஜெர்மனி, போலந்து, ரஷ்யா பக்கம் வாழ்ந்த யூதர்களின் வழி அது. அரபு நாட்டு யூதர்களின் வழியைக் கடைசிப் பக்கம் கொஞ்சம் தொடுவேன்.

பூசாரி இல்லை, நாம் அனுப்பும் ஆள்

ஜெருசலேமில் கோயில் இருந்தவரை யூதர்களுக்கும் பரம்பரைக் குருக்கள் இருந்தார்கள். பலி செலுத்துவது அவர்கள் வேலை. கி.பி. 70-இல் ரோமானியர்கள் கோயிலை இடித்ததும் பலி நின்றது. அந்த இடத்தை வார்த்தை பிடித்துக்கொண்டது. காலை, பிற்பகல், இரவு என்று நாளுக்கு மூன்று வேளை ஜெபம். அதைச் சொல்ல யாருடைய தரகும் வேண்டாம், ஒவ்வொருவரும் தானே சொல்ல வேண்டியது.

அப்படியானால் ரபி? அவர் சட்டம் படித்தவர். எது செய்யலாம், எது கூடாது என்று கேட்டால் சொல்பவர், பாடம் நடத்துபவர். வழிபாட்டை நடத்த அவர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பதின்மூன்று வயது தாண்டிய, வார்த்தை தெரிந்த மளிகைக் கடைக்காரர் முன்னால் நின்று நடத்துவார். ரபி பின்வரிசையில் உட்கார்ந்து ஆமென் சொல்வார். தினமும் நடப்பதுதான்.

முன்னால் நிற்கும் அந்த ஆளுக்கு எபிரேயத்தில் பெயர் 'ஷலியாக் சிப்பூர்'. ஷலியாக் என்றால் தூதர், சிப்பூர் என்றால் சபை. சபை அனுப்பும் தூதர். ஊரார் எல்லோரும் சேர்ந்து கலெக்டருக்கு ஒரு மனு கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு மனு எழுதிவிட்டார்கள். எழுதத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் எழுந்து எல்லோருக்குமான மனுவை உரக்க வாசிக்கிறார். எழுதத் தெரியாதவர் ஒவ்வொரு கோரிக்கை முடிவிலும் "ஆமாம், இது என்னுடையதும்தான்" என்கிறார். அந்த "ஆமாம்"தான் ஆமென். வாசித்தவர் நம்மைவிட உயர்ந்தவர் அல்ல. நம் கையெழுத்தைச் சுமந்து போகிறவர், அவ்வளவே.

இந்த ஏற்பாடு சும்மா உபசாரத்துக்கு வந்ததில்லை. பல நூற்றாண்டுகள் ஜெபங்கள் எழுத்தில் இல்லை, மனப்பாடத்தில் இருந்தன. முழு வழிபாட்டு வரிசையையும் தொகுத்த முதல் நூல்களில் ஒன்று, 9-ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவிலிருந்து அம்ராம் காவோன் என்ற அறிஞர் ஸ்பெயின் யூதர்களுக்கு எழுதி அனுப்பியது. இன்று கையில் இருக்கும் ஜெபப் புத்தகத்துக்குச் 'சித்தூர்' என்று பெயர். (ஆந்திரா சித்தூருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எபிரேயத்தில் 'வரிசை' என்று பொருள்.) புத்தகம் இல்லாத காலத்தில் தெரிந்தவர் ஒருவர் உரக்கச் சொல்லாவிட்டால் தெரியாதவர் வெறுங்கையோடுதான் வீடு திரும்ப வேண்டும். சுமார் கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பிலேயே இந்த விவாதம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் கடமை தனித்தனி என்றார்கள் மற்ற அறிஞர்கள். சபையின் தூதர் பலரின் கடமையையும் தீர்த்துவிடுகிறார் என்றார் ரபான் கமலியேல். அதே நூல் இன்னொரு இடத்தில் இன்னும் கடுமையாகப் பேசுகிறது. தனியாக ஜெபிப்பவர் தடுமாறினால் அவருக்குக் கெட்ட சகுனம், தூதர் தடுமாறினால் அனுப்பியவர்களுக்கே கெட்ட சகுனம்.

தூதர் வேண்டுமென்றால் அனுப்ப ஒரு சபை வேண்டும். பழமை பேணும் ஆர்த்தடாக்ஸ் மரபில் வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்தால்தான் சபை. அந்தப் பத்துக்கு 'மின்யன்' என்று பெயர். ஒன்பது மகா பண்டிதர்கள் இருந்தாலும் போதாது. பத்தாவதாக ஒரு சாதாரண ஆள் வந்து கதவைத் திறந்தால் போதும். 1948-க்குப் பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். மட்டாஞ்சேரியில் அந்தப் பித்தளை மேடை பளபளவென்று இருந்தும், வெளியூர் யூதர்கள் வந்து எண்ணிக்கை சேர்ந்தால்தான் அதன்மேல் ஒருவர் தூதராக நிற்க முடியும்.

இதுவரை: நடத்துபவர் குரு இல்லை, பத்துப் பேர் சேர்ந்து அனுப்பும் தூதர். அவரவர் ஜெபத்தை அவரவர் சொல்கிறார்கள். அவர் அதைச் சேர்த்துக் கட்டுகிறார்.

கெட்டிமேளம் எதற்கு?

எப்படிச் சேர்த்துக் கட்டுகிறார் என்பதில்தான் இசை வருகிறது.

முதன்முறை ஒரு பழமைவாத சினகாகில் வார நாள் காலை வழிபாட்டைப் பார்ப்பவர்கள் திகைத்துப் போவார்கள். தேவாலயத்தில் போல எல்லோரும் ஒரே குரலில் பாடுவதில்லை. பஜனையில் போல ஒருவர் ஒரு வரி சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வதும் இல்லை. ஒவ்வொருவரும் தனக்குள் முணுமுணுத்தபடி தன் வேகத்தில் ஓடுகிறார்கள். ஒருவர் ஆடுகிறார், ஒருவர் பக்கம் புரட்டுகிறார், ஒருவர் கண்ணை மூடியிருக்கிறார். வெளியாளின் காதுக்குச் சந்தை இரைச்சல். திடீரென்று முன்னால் இருப்பவர் ஒரு வரியை இழுத்துப் பாடுகிறார். அத்தனை பேரும் ஒரே நொடியில் "ஆமென்" என்கிறார்கள். மறுபடி இரைச்சல்.

நம் கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு மூலையில் அரட்டை, ஒரு மூலையில் காபி, குழந்தை அழுகை. மணவறையில் என்ன நடக்கிறது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஐயர் விரலை ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றதும் தவிலும் நாதஸ்வரமும் பொங்கி எழும். அந்தக் கணம் எல்லாக் கைகளிலிருந்தும் அட்சதை பறக்கும். தாலி கட்டியதைக் கண்ணால் பார்க்காதவரும் தூவிவிடுவார். கெட்டிமேளத்தின் வேலை ரசிக்கவைப்பது இல்லை. பிரிந்து கிடக்கும் கூட்டத்தை ஒரு கணத்தில் ஒன்றாக்குவது.

யூத வழிபாட்டில் அந்தக் கணம் ஒன்றல்ல, பல பத்து. ஜெபம் முழுவதும் துதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு நீண்ட பத்தி, கடைசியில் "பாரூக் அத்தா அதோனாய்..." என்று தொடங்கும் ஒரு முடிவு வரி. பத்தியை எல்லோரும் அவரவர் போக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தூதரும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பார். கடைசி இரண்டு வரி வரும்போது அவர் குரலை உயர்த்தி, எல்லோருக்கும் பழகிய ஓர் இறங்குமுகச் சொற்றொடரில் பாடுவார். முந்தி ஓடியவர் நின்றுகொள்வார். பிந்தியவர் எட்டிப் பிடிப்பார். முடிவு வரி, ஆமென், அடுத்த பத்தி.

காலையும் பிற்பகலும் இதன் உச்சம் 'அமிதா'. நின்றபடி சொல்லும் நடு ஜெபம் அது. வார நாளில் அதில் 19 துதிகள். (பெயர் என்னவோ 'பதினெட்டு' என்றுதான். ஒன்று பிற்பாடு சேர்ந்தது, பெயரை யாரும் மாற்றவில்லை.) முதலில் ஒவ்வொருவரும் உதடு மட்டும் அசைய மௌனமாகச் சொல்லி முடிப்பார்கள். கூடம் சட்டென்று அடங்கிவிடும். அதுவரை இருந்த இரைச்சலுக்கு அந்த அமைதி காதை அடைக்கும். பிறகு தூதர் அத்தனையையும் முதலிலிருந்து உரக்கச் சொல்வார். தெரியாதவருக்காக என்று சொன்னேனே, அது இதுதான்.

பாட்டே இல்லாமலும் இந்த வேலை நடந்திருக்கிறது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த மாபெரும் சினகாகைப் பற்றி, மிஷ்னாவுக்கு எழுந்த பெரிய விளக்கத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது: கூடம் அவ்வளவு பெரியது, குரல் எட்டாது. அதனால் நடுவே மரமேடையில் ஒருவர் துணியோடு நிற்பார். ஆமென் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் துணியை வீசுவார், கூட்டம் முழங்கும். அந்தத் துணிக்காரரைத் தல்மூத் அழைக்கும் சொல் 'ஹஸான்'. அந்தக் காலத்தில் ஹஸான் என்றால் கூடத்தைப் பராமரிக்கும் பணியாளர். பிற்காலத்தில் அதே சொல் தேர்ந்த வழிபாட்டுப் பாடகரைக் குறிக்கத் தொடங்கியது. இன்று சம்பளத்துக்கு அமர்த்தப்படும் பாடகர் ஹஸான். சபையிலிருந்து எழுந்து வந்து நடத்தும் சாதாரண ஆள் 'பாஅல் தெஃபிலா', ஜெபத்துக்கு உடையவர். தூதர் என்ற பதவி இருவருக்கும் பொது.

ஆமெனுக்கும் சட்டம் உண்டு. துதி முடியுமுன் பறித்துக்கொண்டு சொல்லக்கூடாது, பாதியை விழுங்கக்கூடாது. எந்தத் துதிக்குச் சொல்கிறோம் என்றே தெரியாமல் சொன்னால் அதற்குப் பெயர் 'அநாதை ஆமென்'. முன்னால் இருப்பவர் சரியான இடத்தில் சரியான நீளத்துக்குக் குரல் கொடுக்காவிட்டால் கூடம் முழுக்க அநாதைகள்தான்.

இதுவரை: கூட்டம் தனித்தனியாக ஓடுகிறது. தூதரின் பாடல் பத்தி முடிவுகளில் அதைப் பிடித்து நிறுத்தி, சேர்ந்து ஆமென் சொல்லவைத்து, மறுபடி ஓடவிடுகிறது.

பாட்டு அல்ல, விருத்தம்

அடுத்த குழப்பம் 'நுசாக்' என்ற சொல். ஜெப வாசகத்தின் பாடபேதத்துக்கும் அதே சொல்தான். இசை பற்றிப் பேசும்போது அது குறிப்பது வேறு: இந்த வேளையில், இந்த ஜெபத்தை, இந்த இசைவழியில் சொல்ல வேண்டும் என்ற மரபு.

மெட்டு என்று இதை மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும். மெட்டு என்றால் தாளத்தில் அடங்கும், ஒவ்வொரு முறையும் அச்சாக அப்படியே வரும். நுசாக் விருத்தம் மாதிரி. கச்சேரியில் ஒரு வெண்பாவையோ தேவாரத்தையோ தாளம் இல்லாமல் ராகத்தில் விரித்துப் பாடுவார்கள் அல்லவா, அதுபோல. சொல்லின் நீளம்தான் இசையின் நீளம். எங்கே தொடங்குவது, எந்தச் சுரத்தில் தங்கி நீட்டுவது, முடிக்கும்போது எந்தச் சொற்றொடரில் இறங்குவது என்பது மரபில் கட்டுப்பட்டது. நடுவில் எவ்வளவு அலங்காரம் என்பது பாடுபவர் பாடு. நல்ல பழக்கமுள்ளவர் புத்தகத்தில் கண்ணை ஓட்டியபடியே, முன்பின் பாடியிராத பத்தியையும் அந்த வழியில் பாடிவிடுவார்.

இதோடு சேர்த்துக் குழப்பப்படும் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று வேத வாசிப்பு. தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள் எழுதிய தோல்சுருளை வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் இசைக்குறி உண்டு. ஆனால் சுருளில் அந்தக் குறிகளும் இருக்காது, உயிரெழுத்துப் புள்ளிகளும் இருக்காது. வாசிப்பவர் வாரம் முழுக்க அச்சுப் புத்தகத்தில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டும். அது நுசாக் அல்ல, தனி வித்தை. இன்னொன்று சேர்ந்து பாடும் பாட்டு. வெள்ளி மாலை, அப்போது தொடங்கும் வார ஓய்வுநாளை மணப்பெண்ணாக வரவேற்கும் 'லெகா தோதி' என்ற பாடலை 16-ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் ஊரில் ஷ்லோமோ அல்கபெத்ஸ் எழுதினார். அதற்கென்று ஒரே மெட்டு கிடையாது, எக்கச்சக்கம் இருக்கின்றன. எதை எடுப்பது என்பது நடத்துபவர் விருப்பம். கடைசி அடி வரும்போது எல்லோரும் வாசல் பக்கம் திரும்பி நின்று குனிவார்கள், அது மட்டும் மாறாது. யூடியூபில் கைதட்டலோடு கேட்பது பெரும்பாலும் இந்த வகைப் பாட்டு. வழிபாட்டின் முதுகெலும்பு அது இல்லை.

நுசாக்கின் இசைவழிகளுக்கு வேடிக்கையான பெயர்கள். அந்த வழியில் பாடும் ஒரு ஜெபத்தின் முதல் சொற்களே பெயர். 'அஹவா ரப்பா' என்று ஒன்று. சரளி வரிசை படித்தவர்களுக்கு எளிதில் சொல்லிவிடலாம்: மாயாமாளவகௌளையில் நிஷாதத்தை மட்டும் கைசிகி ஆக்குங்கள். அதாவது வகுளாபரணத்தின் சுரங்கள். ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே அந்தப் பெரிய தாவல் இருக்கிறதே, அதைக் கேட்டதும் "யூத இசை" என்று உலகம் அடையாளம் காண்கிறது. சுரம் ஒன்று என்பதால் ராகம் ஒன்றாகிவிடாது. கமகம் வேறு, தங்குமிடம் வேறு. 'அதோனாய் மலாக்' என்ற வழி கிட்டத்தட்ட ஹரிகாம்போதியின் சுரங்களில் போகும். 'மாகேன் அவோத்' நடபைரவிப் பக்கம். இதற்கு மேல் போனால் பாடம் ஆகிவிடும்.

காதால் பார்க்கும் நாள்காட்டி

தெருமுனையில் மேளம் கேட்டாலே அது கல்யாண வீடா, துக்க வீடா என்று எட்டிப் பார்க்காமல் சொல்லிவிடுகிறோம். பூபாளம் கேட்டால் விடியல், நீலாம்பரி கேட்டால் தூக்கம். நுசாக் அதைத்தான் செய்கிறது, ஆனால் இன்னும் நுணுக்கமாக.

சிறந்த உதாரணம் 'கதீஷ்'. கடவுளின் பெயர் பெரிதாகட்டும், புனிதமாகட்டும் என்று தொடங்கும் அரமேய ஜெபம் அது. அரமேயம் எபிரேயத்துக்கு உடன்பிறந்த பழைய மொழி. வழிபாட்டின் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களில் கதவு மாதிரி இந்தக் கதீஷ் வரும். நடத்துபவர் சொல்லும் பாதிக் கதீஷின் வார்த்தைகள் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றே. இசை மட்டும் மாறும்.

கண்ணைக் கட்டி ஓர் அஷ்கெனாசி முதியவரைக் கூடத்தில் கொண்டுபோய் விட்டால், கதீஷின் முதல் நான்கு சொற்களில் அவர் நாளையும் வேளையையும் சொல்லிவிடுவார். வேகமாக, அலங்காரம் இல்லாமல் ஓடினால் வார நாள். வெள்ளி இரவு அதே சொற்கள் உட்கார்ந்து ஓய்வெடுக்கும். பஸ்கா பண்டிகையின் முதல் நாளில் பனிக்காகவும், இலையுதிர்காலப் பண்டிகை முடிவில் மழைக்காகவும் வேண்டும்போது கதீஷுக்குத் தனி இசை உண்டு. இரண்டுக்கும் அதே இசைதான். பாவநிவர்த்தி நாளான யோம் கிப்பூரில், இருபத்தைந்து மணி நேர உபவாசத்தின் கடைசி வழிபாடு தொடங்கும்போது இன்னொன்று. முந்தின நாள் மாலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் களைத்துச் சாய்ந்திருந்த கூட்டம் அதைக் கேட்டதும் எழுந்து நிற்கும். வாசல் சாத்தப்போகிறது என்று அந்த இசைக்குப் பொருள். தோரா வாசிப்பு ஒரு சுற்று முடியும் கொண்டாட்டத்தில் சில சபைகள் கதீஷின் ஒவ்வொரு வரியையும் வருடத்தின் ஒவ்வொரு பண்டிகை இசையிலும் மாற்றி மாற்றிப் பாடும். ஒரு வருடமே ஒரு நிமிடத்தில் ஓடிப்போகும்.

அதனால்தான் ஓய்வுநாள் ஜெபத்தை வார நாள் நுசாக்கில் பாடினால் பின்வரிசையிலிருந்து உறுமல் வரும். குரல் சரியில்லை என்று இல்லை, கிழமை தப்பு என்று.

இதுவரை: நுசாக் என்பது விருத்தம் போன்ற இசைவழி. வார்த்தை மாறாமல் இருக்கும்போதும், இன்று என்ன நாள், எந்த வேளை என்று அது காதுக்குச் சொல்கிறது.

கைவைக்கக்கூடாதவை

நுசாக்கில் சுதந்திரம் உண்டு என்றேன். சில இசைகளில் கிடையாது. அஷ்கெனாசிகள் அவற்றைச் 'சீனாய் மலையிலிருந்து வந்தவை' என்பார்கள், மோசே கையில் கொடுத்தது மாதிரி. உண்மையில் அவை இடைக்காலத்தில் ரைன் நதிக்கரை ஊர்களில் உருவானவை என்பது இசை ஆய்வாளர்கள் கணிப்பு. யோம் கிப்பூர் தொடங்கும் மாலையில் பாடும் 'கோல் நித்ரே' அதில் ஒன்று. அதைக் கேட்டு அழுகிறவர்கள் உண்டு. வாசகத்தைப் பார்த்தால் அது ஜெபமே இல்லை, நேர்ந்த பொருத்தனைகளை ரத்து செய்யும் சட்ட வாசகம். பத்திர ஆபீஸ் மொழி. மூன்று முறை சொல்வார்கள், முதலில் தணிந்து, பிறகு கொஞ்சம் உரக்க, பிறகு முழுக் குரலில். அழவைப்பது இசையும் அந்த நேரமும்தான்.

1427-இல் இறந்த ரைன்லாந்து ரபி மாஹரில், ஓர் ஊரின் வழக்கத்தை, அங்கே பழகாத இசைகளைக் கொண்டுவந்துகூட, மாற்றக்கூடாது என்றார். 16-ஆம் நூற்றாண்டில் கிராக்கோவ் நகர ரபி மோசே இஸர்லெஸ் அதைச் சட்டக் குறிப்பாகவே எழுதிவைத்தார். கூட்டம் குழம்பிவிடும் என்பது காரணம். கெட்டிமேளத்துக்குப் பதில் யாராவது புதிதாக விசில் அடித்தால் அட்சதை கையிலேயே நிற்கும்.

அலெப்போவில் வேறு கணக்கு

சிரியாவின் அலெப்போ யூதர்கள் அரபு இசையின் 'மகாம்' முறையை எடுத்துக்கொண்டார்கள். மகாம் என்பது நம் ராகத்துக்கு நெருங்கிய உறவு. அங்கே ஓய்வுநாள் காலை வழிபாட்டின் மகாம் வாராவாரம் மாறும், அந்த வாரத் தோரா பகுதிக்கு ஏற்றபடி. ஆபிரகாமின் மனைவி சாராள் இறக்கும் பகுதி வந்தால் சோகத்துக்கு உரிய ஹிஜாஸ். விருத்தசேதனம் வரும் வாரத்தில் ஸபா. ஐந்து நூல்களில் புதியது ஒன்று தொடங்கும் வாரத்தில் ராஸ்த். அந்த மகாமில் ஊரறிந்த ஒரு பாட்டின் மெட்டை எடுத்து ஜெப வரியை அதில் பொருத்திவிடுவார் ஹஸான். நாளைச் சொல்வது அஷ்கெனாசி இசை என்றால், கதையைச் சொல்வது அலெப்போ இசை. எனக்கு இரண்டாவதுதான் கொஞ்சம் அதிகம் பிடிக்கும். ராகம் கேட்டு வளர்ந்த காது, வேறென்ன செய்யும்?

குரல் இருந்தால் போதுமா?

1565-இல் வெனிஸில் அச்சான 'ஷுல்ஹான் அரூக்' என்ற சட்ட நூல் தூதருக்கான தகுதிகளைப் பட்டியலிடுகிறது. நல்ல பெயர், பணிவு, மக்களுக்குப் பிடித்தவராக இருத்தல், இனிய குரல், வேதப் பழக்கம். எல்லாம் சேர்ந்த ஆள் கிடைக்காவிட்டால் அறிவிலும் நற்செயலிலும் சிறந்தவரை எடு என்கிறது. குரலை விட்டுக்கொடுக்கலாம், நடத்தையை விட்டுக்கொடுக்கக்கூடாது. தன் குரலைக் காட்டுவதற்காக இழுத்துப் பாடுபவர் இழிவுக்கு உரியவர் என்றும், எந்த நோக்கத்தில் இழுத்தாலும் சபைக்குப் பாரமாவதால் அது நல்லதில்லை என்றும் அதே நூல் சொல்கிறது. கிட்டத்தட்ட ஐந்நூறு வருடப் பழைய புகார். மைக் பிடித்தவர் விடமாட்டார் என்பது எந்த ஊரிலும் பழைய கதைதான்.

கூப்பிட்டதும் ஓடிவந்து நிற்பதும் அழகில்லை. மறுக்காமல் வருபவர் உப்பில்லாத கறி, ரொம்ப மறுப்பவர் உப்பு கரிக்கும் கறி என்கிறது தல்மூத். முதல் முறை மறுக்கணும், இரண்டாம் முறை யோசிக்கணும், மூன்றாம் முறை காலை நீட்டி எழுந்து போகணும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நாம் சொல்வதை, அவர்கள் மேடை ஏறும் ஆளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். 'மேடை ஏறும்' என்பதும் சரியில்லை. பழைய எபிரேய வழக்கில் தூதர் 'இறங்கிப் போகிறார்'. பல பழைய அஷ்கெனாசி சினகாகுகளில் அவர் நிற்குமிடம் தரைமட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கும். "கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்ற 130-ஆம் சங்கீதம்தான் அதற்கு ஆதாரம்.

ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹஸான்கள் நட்சத்திரங்கள் ஆனார்கள். இசைத்தட்டு வந்த காலம். உக்ரைனில் பிறந்து அமெரிக்கா போன யோசலே ரோசன்பிளாட் பெரிய பெயர். 1918-இல் சிகாகோ ஓபரா ஓர் இரவுக்கு 1,000 டாலர் தருவதாக அழைத்தும் அவர் போகவில்லை, ஹஸானாகவே இருந்தார். இந்தக் காலத்து இசைத்தட்டுகளைத்தான் மட்டாஞ்சேரியில் பார்த்த அந்த மகள் கேட்டிருக்க வேண்டும். அவை கச்சேரி மாதிரி இருப்பது உண்மை. தட்டின் ஒரு பக்கத்தை நிரப்ப ஒரே ஒரு பத்தியை எடுத்து முழுத் திறமையும் காட்டிப் பதிவு செய்தார்கள். ஆமென் சொல்லக் கூட்டம் இல்லாத பதிவு அது.

புதுமைகள் பற்றி ஒரு வரி. ஓய்வுநாளில் வாத்தியம் வாசிப்பது ஆர்த்தடாக்ஸ் சபைகளில் கிடையாது. 1810-இல் ஜெர்மனியின் சேசன் நகரில் சீர்திருத்த வழிபாட்டுக்கு ஆர்கன் வைத்தார்கள். பெண்கள் ஹஸானாவது அமெரிக்கச் சீர்திருத்தப் பிரிவில் 1975-இலும், சீர்திருத்தத்துக்கும் ஆர்த்தடாக்ஸுக்கும் நடுவில் நிற்கும் கன்சர்வேடிவ் பிரிவில் 1987-இலும் தொடங்கியது. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இன்றும் இல்லை.

பதினோரு மாதம்

தேர்ந்த ஹஸானைப் பண்டிகைக்குத்தான் பார்க்கலாம். வார நாள் காலையில் பெரும்பாலும் நடத்துபவர் யார் தெரியுமா? துக்கம் காக்கும் மகன். தாயோ தந்தையோ இறந்தால் பதினோரு மாதம் கதீஷ் சொல்ல வேண்டும், முடிந்தால் வழிபாட்டையும் நடத்த வேண்டும் என்பது வழக்கம். ஏன் பன்னிரண்டு இல்லை? தீயவர்களுக்கான தீர்ப்புக் காலம் பன்னிரண்டு மாதம் என்று ஒரு மரபு. நம் அப்பாவுக்கு அவ்வளவு தேவைப்படாது என்று ஒரு மாதத்தைக் குறைத்துவிட்டார்கள்.

சினகாக் பக்கமே எட்டிப் பார்க்காத ஆள்கூட இப்படித்தான் ஒரு நாள் முன்னால் வந்து நிற்கிறார். கணக்கு எழுதுகிறவர், டாக்சி ஓட்டுகிறவர், யாராகவும் இருக்கலாம். வார நாள் நுசாக் ஏன் அவ்வளவு எளிமையாக இருக்கிறது என்பது அவரைப் பார்த்தால் புரியும். நான்கைந்து சுரம், ஒரே ஒரு இறங்குமுகச் சொற்றொடர். போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டு வண்டியில் போகும்போது கேட்டுப் பழகுகிறார்கள். முதல் வாரம் வேகம் பிடிபடாது. வேலைக்குப் போகும் அவசரத்தில் இருப்பவர்கள் மணியைப் பார்ப்பார்கள். ஓர் எழுத்தைத் தப்பாக உச்சரித்தால் மூன்று மூலையிலிருந்து திருத்தம் வரும், துக்க வீட்டுக்காரர் என்றும் பார்க்கமாட்டார்கள். முடிவு வரியில் குரல் எங்கே இறங்க வேண்டும் என்று அவர் திணறும்போது, பக்கத்து நாற்காலியில் இருக்கும் கிழவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே அந்தச் சொற்றொடரை மூக்கால் மெல்ல எடுத்துக் கொடுப்பார். இவர் பிடித்துக்கொள்வார். ஆமென். பக்கத்தைப் புரட்டிக்கொண்டு அடுத்த துதி.